படம் பிடிப்போர் கேள்வி–பதில்: கறுப்புப் பட்டையும் காணாமல்போன குரலும்

இந்த மாதம் எழுதியவர்களில் பலர் உதவியாளர் இல்லாமல், ஒன்றிரண்டு கேமராக்களோடு தனியாளாக வேலை செய்பவர்கள். பதில்களும் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: அரங்கத்தில் எல்.இ.டி. விளக்குகளுக்குக் கீழே எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. எடுக்கும்போது கண்ணுக்கு விளக்கு சீராகத்தான் தெரிந்தது. எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாமா?

பெரும்பாலும் முடியாது. படம் முழுவதும் ஒரே சீராக மங்கி மங்கித் துடித்தால் டீஃப்ளிக்கர் மென்பொருள் ஓரளவு சமன்செய்யும். பட்டை முகத்தின் குறுக்கே போய்விட்டால் அந்த இடத்தில் படத்தின் தகவலே குறைவாகத்தான் பதிவாகியிருக்கும். ஆகவே எடுக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டிய கோளாறு இது.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால் இந்த இரட்டிப்பு. கண் இதைக் காணாது. ஆனால் கேமராவின் சென்சார் படத்தை வரிசை வரிசையாகப் படிக்கிறது. ஒரு வரிசை விளக்கு உச்சத்தில் இருக்கும்போதும் அடுத்த சில வரிசைகள் அது தாழும்போதும் படிக்கப்பட்டால், அந்த வித்தியாசம் பட்டையாகத் தெரிகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இந்த ஏற்ற இறக்கத்தின் முழு மடங்காக இருந்தால் எல்லா வரிசைக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50 அல்லது 1/100. 60 ஹெர்ட்ஸில் 1/60 அல்லது 1/120. ஃப்ரேம் எண்ணிக்கையை மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் இடத்தில் நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தாலும் ஷட்டர் 1/50 ஆக இருந்தால் பட்டை வராது. 1/60 வைத்தீர்கள் என்றால் வரும். நீங்கள் சொல்லும் மெதுவாக ஊரும் பட்டை பல சமயம் இப்படி வருவதுதான்.

ஸ்லோ மோஷனில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நொடிக்கு 120 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/120க்கு மேல் மெதுவாக இருக்க முடியாது. 50 ஹெர்ட்ஸ் விளக்கில் அது துடித்தே தீரும். கேமராவை பி.ஏ.எல். (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ முறை) அமைப்புக்கு மாற்றி 100 ஃப்ரேம், 1/100 ஷட்டர் என்று எடுங்கள். சில கேமராக்களில் இந்த மாற்றத்துக்குப் பிறகு கார்டை ஃபார்மட் செய்தாக வேண்டும். எனவே நிகழ்ச்சி நடுவில் இதைத் தொடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பட்டை வந்தால் காரணம் டிம்மர். பல எல்.இ.டி. விளக்குகள் மங்கலாக்கப்படும்போது உண்மையில் மங்குவதில்லை, வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. அந்த வேகம் விளக்குக்கு விளக்கு மாறும். விளக்குப் பலகையில் இருப்பவரிடம் முழு வெளிச்சத்தில் வைக்கச் சொல்லி, உங்கள் அப்பர்ச்சரைக் குறைத்துக்கொள்வதே எளிய வழி. முழு வெளிச்சத்தில் இந்த அணைப்பு பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு வாய்ப்பில்லாவிட்டால் உங்கள் கேமராவில் ஷட்டரைப் புள்ளிக்குப் பின்னும் நகர்த்தும் வசதி, அதாவது 50.2, 50.5 என்பது போல, இருக்கிறதா பாருங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு படியாக நகர்த்தினால் ஓர் இடத்தில் பட்டை நின்று மறையும். மேடையின் பின்னால் எல்.இ.டி. சுவர் இருந்தாலும் இதே முறைதான். கூடவே அலையலையான கோலம் தெரிந்தால் அது வேறு சிக்கல்: சுவரின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதுவதால் வருவது. அப்பர்ச்சரைத் திறந்து சுவரை ஃபோகஸுக்கு வெளியே தள்ளுங்கள், அல்லது நிற்கும் இடத்தைச் சற்று மாற்றுங்கள்.

ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: இத்தகைய அரங்கில் எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம், மெக்கானிக்கலுக்கு வாருங்கள், ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் இயக்குங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் நொடித்துளிக்காகக் காத்திருந்து கேமரா படமெடுக்கும்.

கேள்வி: ஒலிபெருக்கி மிக்சரிலிருந்து நேரடியாகக் கேமராவின் மைக் துளைக்குக் கேபிள் கொடுத்துப் பதிவு செய்தேன். ஹெட்போனில் குரல் தெளிவாக இருந்தது. வாடிக்கையாளர் போனில் போட்டுப் பார்த்துவிட்டு ‘சத்தமே இல்லை’ என்கிறார். அவர் போனில் கோளாறா?

போனில் கோளாறு இல்லை, கேபிளில்தான். நல்ல செய்தி, உங்கள் பதிவு பத்திரமாக இருக்கிறது.

மிக்சரின் எக்ஸ்.எல்.ஆர். வெளியீட்டில் மூன்று முள் உண்டு. 1 கவசம். 2இல் ஒலி. 3இல் அதே ஒலி தலைகீழாக. இரைச்சலை நீக்குவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. நீங்கள் வாங்கிய கேபிள் 2ஐ ஸ்டீரியோ பின்னின் இடப்பக்கத்துக்கும், 3ஐ வலப்பக்கத்துக்கும் கொண்டுபோகிறது. ஹெட்போனில் இரு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் குரல் கேட்கும். கவனித்தால் அது தலைக்கு வெளியே எங்கோ மிதப்பது போல இருக்கும். மோனோ ஸ்பீக்கரில் இரண்டும் கூட்டப்படுகின்றன. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு அலைகளைக் கூட்டினால் பூஜ்யம்.

எடிட்டிங்கில் வலப்பக்க ஒலியை நீக்கிவிட்டு, இடப்பக்க ஒலியை இரண்டு பக்கமும் நிரப்புங்கள். அதோடு சரியாகிவிடும்.

அடுத்த முறைக்கு நடுவில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது எனக்குத் தெரிந்து மிகப் பாதுகாப்பான வழி. தலைகீழ்ச் சிக்கலும் தீரும், கேமராவும் மிக்சரும் வெவ்வேறு மின்இணைப்பில் இருக்கும்போது வரும் ‘ம்ம்’ என்ற உறுமலும் போகும். கேபிளை நீங்களே சால்டர் செய்வதானால் 2ஆம் முள்ளை ஸ்டீரியோ பின்னின் நுனி, வளையம் இரண்டுக்கும் கொடுத்து, 1ஐ அடிப்பகுதிக்குக் கொடுங்கள். 3ஐ இணைக்காமல் விடுங்கள். மிக்சரின் வெளியீடு டிரான்ஸ்ஃபார்மர் வகையாக இருந்தால் மட்டும் 3ஐ 1உடன் சேர்க்க வேண்டும்.

அடுத்தது அளவு. மிக்சரின் லைன் வெளியீடு 1 வோல்ட்டுக்கு மேல் போகும். கேமராவின் மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். கேமராவில் ‘லைன்’ என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் 40 டெசிபெல் குறைக்கும் பேட் ஒன்று நடுவில் வேண்டும். கேமராவில் பதிவு அளவைக் குறைத்து இதைச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள். உள்ளே நுழையும் முதல் பெருக்கியிலேயே ஒலி சிதைந்துவிட்டால், பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டைக் குறைப்பதால் சிதைந்த ஒலி மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். மீட்டர் தாழ்வாக இருந்தும் குரல் கரகரவென்றிருந்தால் இதுதான் காரணம்.

எடுக்க வேண்டிய அளவு: சாதாரணப் பேச்சின் உச்சம் −12 டெசிபெல் பக்கம், உரத்த இடங்கள் −6ஐத் தாண்டாமல். தானியங்கி அளவை அணைத்துவிடுங்கள். பேச்சாளர் நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் அது அரங்கின் இரைச்சலைத் தூக்கிக் கொண்டுவரும். மிக்சர் இயக்குபவரிடம் மெயின் வெளியீட்டைக் கேட்காமல், ஃபேடருக்கு (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) முந்தைய ஆக்ஸ் (தனித் துணை வெளியீடு) ஒன்றைக் கேளுங்கள். அரங்கத்துக்காக அவர் மெயினை ஏற்றி இறக்குவது உங்கள் பதிவைத் தொடாது. கைதட்டலும் சிரிப்பும் மிக்சருக்குள் போவதே இல்லை என்பதால், அவற்றுக்கு இன்னொரு மைக்கோ சிறிய ரெக்கார்டரோ அரங்கை நோக்கி வையுங்கள்.

கேள்வி: காலர் மைக்கில் துணி உரசும் ஒலி.

மைக் நகர்வதைவிடக் கேபிள் இழுபடுவதால்தான் அதிகம் வருகிறது. கிளிப்புக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாக மடித்துத் துணியோடு சேர்த்து டேப் போடுங்கள். இழுப்பு அந்த வளையத்தோடு நின்றுவிடும். தாடையிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே, நெஞ்சின் நடுவில் வையுங்கள். துணிக்குள் மறைக்க வேண்டுமானால் மைக்கின் இருபுறமும் முக்கோணமாக மடித்த டேப்பை வைத்து, ஒருபுறம் உடலோடும் மறுபுறம் துணியோடும் ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே மைக் அசையாமல் இருக்கும். மொடமொடப்பான செயற்கைத் துணியில் எதைச் செய்தாலும் ஒலி வரும். பேசப்போகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: கேமராவில் ஒரு மணி நேரம் எடுத்தது, தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலி. தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாக இருக்கின்றன, முடிவில் விலகிவிடுகின்றன. போனில் எடுத்த மூன்றாவது கோணமோ பத்து நிமிடத்திலேயே விலகுகிறது.

இரண்டும் வேறு வேறு நோய். கேமரா, ரெக்கார்டர் இரண்டுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. அவற்றின் மிகச் சிறு வேறுபாடு ஒரு மணி நேரத்தில் சில ஃப்ரேம்களாகச் சேர்ந்துவிடும். பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கேமரா முன் கைதட்டுங்கள். எடிட்டிங்கில் முதல் தட்டலைப் பொருத்திவிட்டு, கடைசித் தட்டல் பொருந்தும்வரை ஒலியின் நீளத்தைச் சுருதி மாறாமல் 99.99, 100.01 சதவீதம் என்ற அளவில் நீட்டவோ சுருக்கவோ செய்தால் போதும். முடிவில் தட்ட மறந்தால் மேஜை மேல் ஒரு பொருள் விழுவது, ‘ப’ என்று உதடு மூடித் திறப்பது போன்ற இடத்தைத் தேடிப் பிடியுங்கள். ரெக்கார்டர் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீடியோவுக்கு 44.1 பொருந்தாது.

போனுடையது வேறு. பல போன்கள் ஒளி குறைந்தாலோ சூடானாலோ ஃப்ரேம் எண்ணிக்கையைத் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. 30 என்று காட்டும் கோப்பில் ஓரிடத்தில் 24, ஓரிடத்தில் 29.8 என்று இருக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் இதைச் சீரான 30 என்று எடுத்துக்கொள்வதால் விலகல் வருகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’ தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிவிட்டு, மாற்றிய கோப்பை டைம்லைனில் போடுங்கள். எடுக்கும்போதே ஷட்டரையும் ஃப்ரேமையும் பூட்டும் கேமரா செயலி ஒன்றைப் போனில் பயன்படுத்தினால் இந்த வேலை குறையும்.

கேள்வி: என் கார்டின் மேல் ‘170’ என்று வேகம் அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் 4கே எடுக்கும்போது கேமரா பாதியில் நிறுத்திவிடுகிறது. கார்டு போலியா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் எண்களைப் பிரித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் அச்சிடப்படும் எண் கார்டிலிருந்து படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதிலும் தொய்வில்லாமல் கடைசிவரை காக்கும் குறைந்தபட்ச வேகம். அதைச் சொல்வது வி என்ற எழுத்தோடு வரும் எண்தான். வி30 நொடிக்கு 30 மெகாபைட், வி60 60, வி90 90.

கேமராவின் மெனு மெகாபிட்டில் பேசும். 8ஆல் வகுத்தால் மெகாபைட். 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட், வி30 தாராளமாகத் தாங்கும். 400 மெகாபிட் ‘ஆல் இன்ட்ரா’ (ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சுருக்கும் முறை) தேர்வு செய்திருந்தால் 50 மெகாபைட். வி30 அதற்குப் போதாது, வி60 வேண்டும். இதே கணக்கில் எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதும் தெரியும்: 64 ஜிகாபைட் கார்டில் 100 மெகாபிட்டில் ஏறத்தாழ 85 நிமிடம், 400இல் 21 நிமிடம்.

எண் சரியாக இருந்தும் நின்றால், கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்து அழித்துப் பயன்படுத்திய கார்டில் காலி இடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். எழுதும் வேகம் அங்கேதான் விழும். பிறகும் நின்றால் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற சோதனை மென்பொருளால் கார்டை முழுவதும் நிரப்பிப் படித்துப் பாருங்கள். போலிக் கார்டு 128 ஜிகாபைட் என்று காட்டும். உள்ளே 16தான் இருக்கும். அதைத் தாண்டியதும் புதியது பழையதன் மேல் எழுதப்படும். புதுக் கார்டு ஒவ்வொன்றையும் முதல் வேலைக்கு முன்பே இப்படி ஒருமுறை நிரப்பிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

கேள்வி: பதிவின் நடுவே பேட்டரி கழன்றுவிட்டது. 40 நிமிடக் கோப்பு. அளவு சரியாகக் காட்டுகிறது, திறக்க மறுக்கிறது. மீட்க வழி உண்டா?

அளவு காட்டுகிறது என்றால் நம்பிக்கை உண்டு. எம்.பி.4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, நீங்கள் நிறுத்து பொத்தானை அழுத்தும்போதுதான் எழுதப்படுகிறது. மின்சாரம் போனதால் அட்டவணை இல்லை. படமும் ஒலியும் இருக்கின்றன.

வரிசை முக்கியம். முதலில் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒன்றும் பதிவு செய்யாதீர்கள். பக்கவாட்டுப் பூட்டை நகர்த்திவிட்டு, கணினியில் கார்டின் முழுப் பிம்பத்தை ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுப்பது போதாது. அதன்பின் பூட்டைத் திறந்து, முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியோடு அதே கேமராவில் கார்டைப் போடுங்கள். பல கேமராக்கள் குறைபட்ட கோப்பைக் கண்டு ‘சரிசெய்யவா?’ என்று கேட்கும். ஒப்புக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால், வேறு கார்டில் அதே கேமராவில், அதே ஃப்ரேம், அதே தெளிவு, அதே கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஒரு நிமிடக் காட்சி எடுங்கள். அன்டிரங்க் என்ற மென்பொருளுக்கு இந்த நல்ல கோப்பை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததற்கு அட்டவணை கட்டும். மாதிரியின் அமைப்பு ஒன்றில் மாறினாலும் வெறும் பச்சைக் கட்டங்கள்தான் கிடைக்கும். இங்கேதான் பலர் முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள்; அமைப்பைச் சரிபார்த்து மீண்டும் செய்யுங்கள்.

தவறுதலாக அழித்த ஒளிப்படங்களுக்கு ஃபோட்டோரெக் இலவசமாகக் கிடைக்கிறது. மீட்பதை வேறு வட்டில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல.

கேள்வி: கார்டிலிருந்து வட்டுக்கு நகலெடுத்ததும் கார்டை அழித்துவிடலாமா?

வேண்டாம். ‘கட்’ செய்து ஒட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். நடுவில் கேபிள் ஆடினால் இரண்டு பக்கமும் இழப்பு. நகலெடுங்கள், பிறகு செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிடுங்கள். டெராகாப்பி போன்ற மென்பொருள்கள் நகலெடுத்தபின் இரு கோப்பையும் மீண்டும் படித்து ஒப்பிட்டுச் சொல்லும். கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருப்பது உள்ளே இருப்பது சரி என்பதற்குச் சான்றாகாது. இரண்டாவது வட்டுக்கு இரண்டாவது நகல். மூன்றாவது வேறு கட்டடத்திலோ இணையச் சேமிப்பிலோ. கார்டை அடுத்த வேலைக்குக் கிளம்பும் முன்தான் ஃபார்மட் செய்ய வேண்டும். எடுத்து முடித்த கார்டை உறையில் தலைகீழாகச் செருகி வைத்தால் நிரம்பியது எது, காலி எது என்று அவசரத்திலும் குழம்பாது.

முடிந்த வேலைகளை ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காணாத எஸ்.எஸ்.டி.யில் போட்டு வைக்காதீர்கள். அதன் செல்களிலிருந்து மின்னேற்றம் மெல்லக் கசியும். நீண்டகாலச் சேமிப்புக்குச் சுழலும் வட்டு ஏற்றது. அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை இணைத்து ஓடவிட்டு, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: வெயிலில் எஃப்/2.8இல் வீடியோ எடுக்க எத்தனை எண் கொண்ட என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) வாங்க வேண்டும்?

கணக்குப் போட்டுவிடலாம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100, அப்பர்ச்சர் எஃப்/16 என்றால் வெளிச்சம் சரியாக இருக்கும். எஃப்/16இலிருந்து 11, 8, 5.6, 4, 2.8 என்று வர ஐந்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). 25 ஃப்ரேம் வீடியோவுக்கு ஷட்டர் 1/50, அதற்கு இன்னொன்று. மொத்தம் ஆறு. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இரண்டால் பெருக்கினால் 64, ஆகவே என்.டி.64. சில நிறுவனங்கள் இதையே 1.8 என்று அச்சிடும். ஒரு ஸ்டாப்புக்கு 0.3.

லாக் முறையில் (பிறகு நிறத்தைச் சரிசெய்வதற்காகத் தட்டையாகப் பதிவு செய்வது) எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். உங்கள் கேமராவின் லாக் ஐ.எஸ்.ஓ. 800இல்தான் தொடங்குகிறது என்றால் மேலும் மூன்று ஸ்டாப், அதாவது என்.டி.512. இதை எண்ணாமல் என்.டி.64ஐ மட்டும் எடுத்துப்போனவர்கள் கடைசியில் ஷட்டரை 1/400க்கு ஏற்றி, கையசைவெல்லாம் வெட்டி வெட்டித் தெரியும் படத்தோடு திரும்புவார்கள். (லாக் எடுப்பதானால் 10 பிட்டில் மட்டும் எடுங்கள். 8 பிட்டில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிதான். லாக்கை விரித்ததும் வானம் படிக்கட்டாக உடையும். 10 பிட்டில் 1024 படி.)

சுழற்றும் வகை ஃபில்டர் வேலையை விரைவாக்கும், ஆனால் இரண்டு போலரைசர்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுதான் அது. கடைசி எல்லைவரை சுழற்றினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல நிழல் விழும். அகலக்கோண லென்ஸில் இன்னும் சீக்கிரமாகவே விழும். உங்களிடம் உள்ளவற்றில் மிகப் பெரிய வாயுடைய லென்ஸுக்கு ஒரு நல்ல ஃபில்டர் வாங்கி, மற்றவற்றுக்கு, சிறிய வாயில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் ஸ்டெப் அப் வளையம் போடுங்கள். ஃபில்டரை மாட்டிய பிறகே ஒயிட் பேலன்ஸை அமையுங்கள்.

கேள்வி: லென்ஸுக்குள் வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது.

பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நிற்கும் இருட்டான இடத்தில் வளரும். தொடக்கம் என்றால் சர்வீஸில் பிரித்துத் துடைத்துவிடுவார்கள். நாள்பட்டால் அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், அந்தத் தழும்பு போகாது. மற்ற லென்ஸ்களிலிருந்து இன்றே பிரித்து வையுங்கள்.

தோள்பையும் தோல் உறையும் எடுத்துச்செல்லத்தான், சேமித்து வைக்க அல்ல. நுரையும் தோலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத பெட்டி ஒன்றில் சிலிகா ஜெல்லும் ஒரு சிறிய ஈரப்பதமானியும் போடுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது. 30க்குக் கீழே இறங்க விடாதீர்கள், லென்ஸுக்குள் இருக்கும் உயவுப்பொருளும் ரப்பரும் காய்ந்துபோகும். ஜெல்லின் நிறம் மாறினால் அது நிரம்பிவிட்டது. அடுப்பு ஓவனில் 110–120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும்.

குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்ததும் லென்ஸ் பனிப்பதும் இதே கதையின் இன்னொரு பகுதி. கிளம்பும் முன் அறைக்குள்ளேயே கேமராவை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக மூடுங்கள். வெளியே வந்து அரை மணியோ ஒரு மணியோ கழித்து, கருவி வெளி வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால் ஈரம் பையின் மேல்தான் படியும். பனித்த கேமராவில் லென்ஸை மட்டும் கழற்றிவிடாதீர்கள், சென்சாரும் பனித்துவிடும்.

கேள்வி: வானத்தில் ஒரே இடத்தில் கரும்புள்ளி வருகிறது. எங்கே துடைப்பது?

சென்சாரில் தூசு. எஃப்/16இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பாருங்கள், எல்லாப் புள்ளியும் தெரிந்துவிடும். படம் சென்சாரில் தலைகீழாக விழுவதால், படத்தில் மேலே இடப்பக்கம் தெரியும் தூசு, கேமராவை முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கீழே இடப்பக்கம் இருக்கும். கேமராவை வாய் கீழாகப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பெரும்பாலான தூசு அதிலேயே விழும். அழுத்திய காற்றுக் குப்பி கூடாது, திரவம் தெறிக்கும். போகாவிட்டால் சென்சாரின் உயரத்துக்குப் பொருந்தும் ஸ்வாப் (துடைக்கும் குச்சி), ஃபுல் ஃப்ரேமுக்கு 24 மில்லிமீட்டர், ஏ.பி.எஸ்.-சிக்கு 16. ஓரிரு சொட்டுத் திரவம், ஒரு திசையில் ஒரு இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரு இழுப்பு. அதோடு அந்த ஸ்வாப்பைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு நாள் கட்டணத்தை எப்படி முடிவு செய்வது? கூடவே, ‘இன்னும் ஒரே ஒரு மாற்றம்’ என்று பத்து முறை கேட்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது?

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான்: எடிட்டிங் நாள்களை நாம் எண்ணுவதில்லை. ஆண்டுக்கு 90 நாள் ஷூட் கிடைக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் எடிட்டிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 270 வேலை நாள். மிச்சமிருக்கும் 95 நாளில்தான் ஓய்வும் உடல்நலக் குறைவும் சந்திப்புகளும் கருவி பழுதும். ஆகவே ஓராண்டுக் குடும்பச் செலவு, வாடகை, மென்பொருள் சந்தா, காப்பீடு, வரி எல்லாவற்றையும் கூட்டி, கருவிகளின் விலையை அவை உழைக்கும் ஆண்டுகளால் (நான்கு என்று வைப்பது நியாயம்) வகுத்து அதையும் சேர்த்து, மொத்தத்தை 90ஆல் வகுக்க வேண்டும். 365ஆல் அல்ல, 270ஆலும் அல்ல. வருவது உங்கள் அடித்தளம். அதற்குக் கீழே ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு வேலைக்கும் நீங்கள் கைக்காசு போடுகிறீர்கள். லாபம் அதற்கு மேல்.

மாற்றங்களைப் பொறுத்தவரை, முன்பணம் வாங்கும் அன்றே எழுத்தில் கொடுங்கள்: எத்தனை வீடியோ, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், கிடையா நெடுக்கா, எந்தத் தேதியில், இரண்டு சுற்று மாற்றம் கட்டணத்துக்குள், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கில். ஒரு சுற்று என்றால் என்ன என்பதையும் எழுதுங்கள். சம்பந்தப்பட்ட எல்லோரும் பார்த்து, ஒருவர் தொகுத்து, நிமிடம்–நொடி குறித்து அனுப்பும் ஒரே பட்டியல்தான் ஒரு சுற்று. இது இல்லாவிட்டால் ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர் நான்கு குரல் செய்தி அனுப்புவார்கள், ஒன்றுக்கொன்று முரணாக. வெட்டுகள் இறுதியானவை என்று அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டபின் நிறம், ஒலி வேலையைத் தொடங்குங்கள். நிறம் முடிந்தபின் ஒரு காட்சியை மாற்றுவது எவ்வளவு வேலை என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. சொன்னால் பெரும்பாலானோர் புரிந்துகொள்கிறார்கள்.

மூலக் கோப்புகள் தரப்படுமா, எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், வேலை ரத்தானால் முன்பணம் என்னாகும், படங்களை உங்கள் விளம்பரத்தில் போடலாமா என்ற நான்கும் அதே தாளில் இருக்கட்டும். பதிப்புரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எழுதிக் கையொப்பமிட்டது எங்கும் உதவும்.

கேள்வி: விமானத்தில் பெரிய வி மவுன்ட் பேட்டரி (கேமராவின் பின்னால் வி வடிவத் தட்டில் மாட்டுவது) கொண்டுபோகலாமா?

வாட்–மணி எண்ணைப் பாருங்கள். இல்லாவிட்டால் வோல்ட்டை ஆம்பியர்–மணியால் பெருக்குங்கள். 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்–மணி என்றால் 98. பொதுவான விதி: 100 வரை கைப்பையில் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு இரண்டு, அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இல்லை. தனிப் பேட்டரி எதுவும் சரக்கில் போடும் பெட்டிக்குள் போகக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி ஒவ்வொன்றையும் தனி உறையில் வையுங்கள். எண் அழிந்துபோன பேட்டரியைச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், எனவே லேபிள் தேய்ந்திருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, எண் தெளிவாக உள்ளதை எடுத்துப் போங்கள்.